கொழும்பில பொடிகார்ட் எடுக்க முதல் இதை வாசிங்கோ: மச்சாள்ட கலியாணத்துக்கு எடுத்த செக்யூரிட்டி சேர்விஸ் பற்றி

நாலு ஸ்டார். அஞ்சு குடுக்காததுக்குக் காரணம் கீழ எழுதியிருக்கிறன், அது சின்ன விசயம் இல்லை. கொம்பனிட பேர் போடேல்ல, ஏனெண்டா பேரைப் போட்டா அவை ஆருக்குக் காவல் நிண்டவை எண்டு தேடிப் பிடிக்கிறது சுகம், மாமாட பிரச்சினை இன்னும் முடியேல்ல. ஆனா ஒரு சேர்விஸை எடுக்க முதல் என்ன கேக்கோணும், என்ன பதில் வந்தா எழும்பி வரோணும் எண்டதை முழுக்க எழுதுறன், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இப்ப கனபேர் இதைத் தேடுகினம் எண்டு எனக்குத் தெரியும்.

விசயம் இதுதான். மாமாக்கு செட்டியார் தெருவில நகைக்கடை. கப்பம் கேட்டு வெளிநாட்டு நம்பர்ல இருந்து கோல் வரத் தொடங்கினது, முதல் ஆரோ விளையாடுறாங்கள் எண்டு விட்டம், பிறகு மச்சாள்ட கலியாணத் திகதியும் ஹோல்ட பேரும் சொல்லி மிரட்டினாங்கள். பொலிஸ்ல என்ட்ரி போட்டாச்சு. 2025 பெப்ரவரி 19 புதுக்கடை கோர்ட்டுக்குள்ள சட்டத்தரணி மாதிரி உடுத்துக்கொண்டு வந்தவன் பாதாளக் குழுத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டதுக்குப் பிறகு மாமாக்கு நித்திரை இல்லை, பொலிசும் சிறைச்சாலை ஆக்களும் நிறைஞ்சு நிண்ட கோர்ட்டுக்குள்ளயே துவக்கைக் கொண்டுபோகலாமெண்டா கலியாண ஹோலுக்குள்ள ஏலாதோ எண்டு கேட்டார், அந்தக் கேள்விக்கு எங்கள் ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. சரி, ஆளை வைப்பம் எண்டு முடிவெடுத்து, ஒழுங்கு செய்யிற வேலை என்ர தலையில விழுந்தது.

முதல் போன இடத்தைப் பற்றி சுருக்கமாச் சொல்லுறன். ஏசி ரூம், சுவர் முழுக்க கறுப்புக் கண்ணாடி போட்ட ஆக்கள்ட படம், கதைச்சவர் நல்ல மரியாதையாத்தான் கதைச்சவர். ஹோலுக்குள்ள ரெண்டு பேர் பிஸ்டலோட, வாசல்ல ஒருத்தர் பன்னிரண்டு போர் (12 bore) துவக்கோட நிப்பினம், "சேர், மற்றவன் கையை இடுப்புக்குக் கொண்டுபோக முதல் எங்கட ஆள் வெடி வச்சிடுவான்" எண்டார். நான் கேட்டன், சுத்திவர முந்நூறு நானூறு சனம் இருக்கும், சின்னப் பிள்ளையள் ஓடித் திரியும், அதுக்குள்ள எப்பிடி வெடி வைப்பியள் எண்டு. அது அந்த நேரத்து சிட்டுவேஷனைப் பொறுத்தது எண்டு சொல்லிப்போட்டு வாகனத்தின்ட மொடலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டார். கொன்ட்ராக்டை வாங்கி வாசிச்சா, எட்டாவதோ ஒம்பதாவதோ பக்கத்தில சின்ன எழுத்தில, வேலை நேரத்தில மூன்றாம் தரப்புக்கு வாற உயிரிழப்புக்கோ காயத்துக்கோ கொம்பனி பொறுப்பில்லை, அப்பிடி வழக்கு வந்தா வாடிக்கையாளர்தான் கட்டோணும் எண்டு இருக்கு. மூன்றாம் தரப்பு எண்டா ஆர்? மாலை கட்டிக் கொண்டு வாற பெடியன், தவில்காரர், சாப்பாடு பரிமாற வாற ஆக்கள், வாசல்ல த்ரீவீலரோட நிக்கிற அண்ணா, என்ர அம்மா. அவையில ஒருத்தரும் அந்தப் பேப்பர்ல சைன் வைக்கேல்ல, கப்பக்காரனோட அவைக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அந்த இடத்திலயே எழும்பி வந்திட்டன்.

மாமாக்கு இது பிடிக்கேல்ல. "காசு நான் குடுக்கிறன், சாகப்போறதும் நான்தான், நீ ஏன் ஊர்ச் சனத்தைப் பற்றிக் கதைக்கிறாய்" எண்டு ஏசினார். மாமாவை நான் குறை சொல்ல மாட்டன். சாவுப் பயத்தில இருக்கிற மனிசனுக்கு தன்ர உயிர்தான் முதல் தெரியும், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. மெய்க்காவலர் எண்டவருக்கும் தன்ர ஆள்தான் முதல், அதுக்குத்தான் சம்பளம், ஒரு ஹோல்ல நெருப்புப் பிடிச்சா அவர் முதல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது மாமாவைத்தான், என்னை இல்லை, அதையும் நான் ஏற்றுக்கொள்ளுறன். ஆனா மாமாவை முதல் காப்பாத்துறது ஒண்டு, மாமாக்கு வந்த ஆபத்தைத் தூக்கி பக்கத்தில நிக்கிறவற்ற மேல போடுறது இன்னொண்டு. முதலாவதைக் காசுக்கு வாங்கலாம். ரெண்டாவதை விக்கிறதுக்கு எந்தக் கொம்பனிக்கும் உரிமை இல்லை, வாங்குறதுக்கு மாமாக்கும் உரிமை இல்லை. இதைத்தான் அண்டைக்கு இரவு முழுக்க அவரோட கதைச்சன், மாமி என்ர பக்கம் நிண்டா, அவதான் கடைசியில "பிள்ளையள் ஓடித் திரியிற இடத்தில துவக்கு வேணாம், அதுதான் வேணுமெண்டா கலியாணத்தை ரெஜிஸ்டரோட வீட்டில முடிப்பம்" எண்டு சொன்னா, அதுக்குப் பிறகுதான் மாமா இறங்கி வந்தவர்.

இது நடக்காத கதை எண்டு நினைக்கிறவைக்கு, கொழும்பிலயே நடந்தது இருக்கு. 2018 ஒக்டோபர் 28, அரசாங்கம் மாறின குழப்பத்துக்குள்ள, தெமட்டகொடையில பெற்றோலியக் கூட்டுத்தாபனக் கட்டிடத்தில அமைச்சரா இருந்த அர்ஜுன ரணதுங்கவின்ட பாதுகாப்பு ஆக்கள் சுட்டதில ஒருத்தர் செத்தவர், ரெண்டு பேர் காயம். தன்னைச் சூழ்ந்து தாக்க வந்தவை எண்டு அவர் சொன்னவர். பயம் உண்மையா இருந்திருக்கலாம், நான் அங்க நிக்கேல்ல. ஆனா வேலைக்கு எண்டு வெளிக்கிட்டு வாற ஆக்கள் புழங்குற ஒரு கட்டிடம் அது.

உலகத்தில எல்லாரும் சொல்லுறது பாக்தாத் நிசூர் சதுக்கம், 2007 செப்டம்பர் 16. பிளாக்வோட்டர் கொம்பனிட ஆக்கள், அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்துக்கு காவல் வேலை செய்தவை, ட்ரபிக் நிறைஞ்ச சந்தியில சுட்டு 17 பேர் செத்தவை. கார் ஒண்டு நிக்காம வந்தது எண்டுதான் சொன்னவை, அந்தக் காருக்குள்ள இருந்தது மருத்துவம் படிச்சுக்கொண்டிருந்த ஒரு பெடியனும் தாயும். 2014ல நாலு பேரைக் குற்றவாளி எண்டு தீர்த்தாங்கள், 2020 டிசம்பர்ல ட்ரம்ப் நாலு பேருக்கும் மன்னிப்புக் குடுத்திட்டார். அதை வாசிக்கேக்க எனக்கு வந்த கோவம் இன்னும் போகேல்ல. செத்த ஆக்கள்ட குடும்பம் ஏழு வருசம் காத்திருந்து, கடல் தாண்டி வந்து சாட்சி சொன்ன ஆக்களும் அதுக்குள்ள இருக்கினம், கடைசியில ஒரு கையெழுத்தோட முடிஞ்சது.

நல்லாப் பயிற்சி எடுத்தவனுக்குக் குறி தப்பாது எண்டு நம்புறவையும் இருக்கினம், முதல் கொம்பனிக்காரரும் அதைத்தான் சொன்னவர். 2012 ஓகஸ்ட் 24 நியூயோர்க்ல எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு முன்னால ஒரு கொலைகாரனை ரெண்டு பொலிஸ்காரர் 16 வெடி வச்சு விழுத்தினவை, ரோட்டில போன 9 பேருக்குக் காயம், எல்லாமே பொலிஸ்ட சன்னமும் அதின்ட துண்டுகளும் பட்டது. அது நியூயோர்க் பொலிஸ், ஒழுங்கா ரேஞ்சுக்குப் போய்ச் சுடுற ஆக்கள். இஞ்ச எங்கட வாசல்ல நிக்கிற பெடியனை யோசிச்சுப் பாருங்கோ. பிஸ்டல் சன்னம் ஒரு உடம்புக்குள்ளால போய் பின்னால நிக்கிறவரையும் துளைக்கலாம், பன்னிரண்டு போர்ல பெரிய ரவை போட்ட ஒரு தோட்டாக்குள்ள எட்டு ஒம்பது குண்டு இருக்கும், தூரம் போகப் போக அது விரிஞ்சுகொண்டு போகும், எல்லாக் குண்டும் ஒரே ஆளிலதான் படும் எண்டு ஆரும் உத்தரவாதம் தரேலாது. கலியாண ஹோல்ல கதிரைக்குக் கதிரை ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

ரெண்டாவது கொம்பனிக்கு ஒரு சட்டத்தரணி நண்பர்தான் அனுப்பினவர். அதை நடத்துறவர் பொலிஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சிங்கள ஐயா, தமிழ் ஓரளவுக்கு நல்லாக் கதைப்பார். போய் இருந்த உடன அவர் மாமாட எதிரியைப் பற்றிக் கேக்கேல்ல. ஹோல்ட படம் ஒண்டைக் கீறச் சொன்னார். பிள்ளையள் எங்க இருப்பினம், வயசான ஆக்கள் எங்க, குசினிக்கு எந்தக் கதவு, மேடைக்குப் பின்னால வெளியில போக வழி இருக்கோ, தவில்காரர் எந்தப் பக்கம், சீனவெடி கொளுத்துற பழக்கம் உங்கட ஆக்களுக்கு இருக்கோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு சொன்னார், ஹோலுக்குள்ள துவக்கு வராது, துவக்கு வேணுமெண்டா நீங்க வேற கொம்பனியைப் பாக்கலாம், எனக்குக் கோவம் இல்லை எண்டு. மாமா அந்த இடத்தில முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்ப அந்த ஐயா ஒரு விசயம் சொன்னார், கொழும்பில அந்த வயசு ஆக்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1987 யூலை 30, ராஜீவ் காந்தி அணிவகுப்பு மரியாதை ஏற்றுக்கொண்டு போகேக்க இலங்கைக் கடற்படைக்காரன் ஒருத்தன் துவக்குப் பிடியால அடிச்சான். அவர் குனிஞ்சார், மற்ற ஆக்கள் பாய்ஞ்சு அமத்திப் பிடிச்சாங்கள், ஒரு வெடியும் வைக்கேல்ல. வரிசையா கடற்படைப் பெடியள், அதிகாரிகள், கமராக்காரர் நிண்ட இடம் அது. அமெரிக்க ஜனாதிபதி ரேகனை 1981 மார்ச் 30 சுட்டபோதும் அப்பிடித்தான், ரெண்டு செக்கன்கூட இல்லை, ஆறு வெடி, அமெரிக்க சீக்ரட் சேர்விஸ் ஆக்கள் ஒரு வெடிகூடத் திருப்பி வைக்கேல்ல, ஒருத்தர் குறுக்க நிண்டு தன்ர உடம்பில வாங்கினார், இன்னொருத்தர் ரேகனைக் காருக்குள்ள தள்ளிக்கொண்டு போனார், மற்றவை சுட்டவனுக்கு மேல விழுந்து பிடிச்சினம். உலகத்திலயே ஆகப் பெரிய காவல்காரர் எண்டு பேரெடுத்த ஆக்கள்ட வேலை மறைக்கிறதும் கொண்டு போறதும்தான். இதைக் கேட்ட பிறகுதான் மாமா ஆளை நிமிர்ந்து பாத்தார்.

ஆனா ஒரு கேள்வியை நான் மறைக்க ஏலாது, மாமாவும் அதைத்தான் கேட்டவர். 2008 சனவரி 1, கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள்ள, வருசப் பிறப்புக்குக் கும்பிட வந்த சனத்துக்கு நடுவில பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரனைச் சுட்டாங்கள். அவரும் செத்து, காவலுக்கு நிண்ட ஒருத்தரும் செத்து, கும்பிட வந்த சனமும் காயப்பட்டது. அவற்ற மெய்க்காவலர் திருப்பிச் சுட்டதில காயப்பட்டபடியாத்தான் சுட்டவன் பிடிபட்டான், இல்லாட்டி அந்த வழக்கே இல்லை. அப்ப அந்த மெய்க்காவலர் சுட்டது பிழையோ? என்னால பிழை எண்டு சொல்லேலாது. எதிரில ஒருத்தன் சுட்டுக்கொண்டு நிக்கிறான், அவனை நிப்பாட்டாட்டி இன்னும் பேர் சாகலாம், கண்ணுக்கு முன்னால ஆள் தெரியுது. அது வேற. ஆர் எண்டு தெரியாம, சத்தம் கேட்ட உடன, கை அசைஞ்ச உடன, "முதல் வெடி எங்கட" எண்டு பழக்கி அனுப்புறது வேற. கோயிலுக்குள்ள நடந்ததை நான் கனநாள் யோசிச்சன், எனக்கு இப்பவும் முழுசாத் தெளிவு இல்லை, அங்க ஒரு பக்தருக்கு அந்தத் திருப்பிச் சுட்ட வெடி பட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

சட்டத்தையும் கேட்டுப் பாத்தம். எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883ல வந்தது, 89ம் பிரிவில இருந்து 99ம் பிரிவு வரைக்கும் தற்காப்பு உரிமை, இன்னொருத்தற்ற உயிரைக் காக்கிறதும் அதுக்குள்ள வரும். அந்தக் கடைசிப் பிரிவில உள்ள உதாரணத்தை அந்தச் சட்டத்தரணி நண்பர் காட்டினார், எனக்கு வயித்தைக் கலக்கினது: ஒருத்தரைக் கொல்ல ஒரு கும்பல் வருது, கும்பலுக்குள்ள சின்னப் பிள்ளையளும் கலந்து நிக்குது, சுடாமல் அவர் தப்பேலாது, சுட்டுப் பிள்ளைக்குப் பட்டாலும் அது குற்றம் இல்லை. 1883ல எழுதினவைக்குக்கூட அந்தப் பிள்ளை கண்ணில தெரிஞ்சிருக்கு. முதல் கொம்பனி மாதிரி ஆக்கள் இந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு சட்டம் எங்கட பக்கம் எண்டு சொல்லுவினம். ஆனா அந்தச் சலுகை வேற வழியே இல்லாத மனிசனுக்கு. வேற வழி இருக்கோ இல்லையோ எண்டது துவக்கை எடுக்கிற செக்கன்ல மட்டும் தீருற விசயம் இல்லை, அது ஒரு கிழமைக்கு முதலே தீருது. பின்கதவைத் திறந்து வச்சியா, வாகனத்தை முகம் திருப்பி விட்டியா, வாசல்ல பையை செக் பண்ணினியா, பிள்ளையள்ட மேசையை மாமாட்ட இருந்து தள்ளிப் போட்டியா? இது ஒண்டும் செய்யாம வந்து நிண்டு, சனத்துக்குள்ள சுட்டுப்போட்டு, வேற வழி இருக்கேல்ல எண்டு சொன்னா, அந்த வழிகளை அடைச்சது நீதானே. காசை மிச்சம் பிடிக்க அப்பிடியான கொம்பனியை எடுத்த நாங்களும்தான்.

சரி, நாங்கள் எடுத்த அந்த ரெண்டாவது கொம்பனிட சேர்விஸுக்கு வாறன். ஹோலுக்குள்ள சிவிலில நாலு பேர், ஒருத்தர் பொம்பிளைப் பிள்ளை, ஒருத்தரிட்டயும் துவக்கு இல்லை, வெளியில வாகனத்தோட டிரைவரும் லைசன்ஸ் துவக்கு வச்சிருந்த ஒருத்தரும். கொம்பனி 1998ம் ஆண்டு 45ம் இலக்க தனியார் பாதுகாப்பு முகவர் சட்டத்தில பதிஞ்சது, கேட்ட உடன பேப்பரைக் காட்டினவை, துவக்கின்ட லைசன்ஸையும் காட்டினவை. காட்டத் தயங்கினா எடுக்காதேங்கோ. இரத்தத்தை நிப்பாட்டுற சாமான் ரெண்டு பையில, அதைப் பாவிக்கப் பழகின ரெண்டு பேர், களுபோவில ஆஸ்பத்திரிக்கு எந்த ரோட்டால போறது, 1990 நம்பர் அம்புலன்ஸ் எந்த வாசலால வரோணும் எண்டு முதலே எழுதி வச்சிருந்தவை. ஆருக்கு அடிபட்டாலும் இது பாவிக்கத்தான், மாமாக்கு மட்டும் இல்லை எண்டு அந்த ஐயா சொன்னார். பொலிசுக்கு எண்டு ஐநா 1990ல ஹவானாவில வச்ச கொள்கைகள்லயும் இது இருக்கு, உயிரைக் காக்க வேற வழியே இல்லாட்டித்தான் கொல்லுற நோக்கத்தோட சுடலாம், காயப்பட்ட ஆருக்கும் உடன வைத்தியம் குடுக்கோணும் எண்டு. தனியார் கொம்பனிக்காரர் அதைப் பொலிசுக்குத்தானே எண்டு தள்ளி விடாம இருந்தது எனக்குப் பெரிய விசயம்.

இன்னொண்டு, மாமாட்ட இருந்து அவர் வலுக்கட்டாயமா வாங்கின சம்மதம். மிரட்டல் இருக்கு எண்டு ஹோல் மனேஜருக்கும், சாப்பாட்டுக்காரருக்கும், கிட்டின சொந்தக்காரருக்கும் சொல்லோணும், சொல்லாட்டி நான் வேலைக்கு வரேல்ல எண்டார். மாமாக்கு மானம் போற விசயமா இருந்தது. சொன்னம். சில பேர் வரேல்ல, தவில்காரர்ல ஒருத்தர் மகனைக் கூட்டிக்கொண்டு வரேல்ல. அது அவையின்ட உரிமை, நாங்கள் சொல்லாம விட்டிருந்தா அந்தப் பெடியன்ட உயிரை நாங்கள் கேக்காமலே பணயம் வச்சிருப்பம்.

கலியாணத்தண்டு மாப்பிள்ளை வாற நேரம், வேணாம் எண்டு எவ்வளவோ சொல்லியும் மாப்பிள்ளைட சிநேகிதர் ஆரோ கேற்றடியில சீனவெடி கொளுத்திப்போட்டாங்கள். சடசட எண்டு கேட்ட உடன எனக்குக் காலுக்குக் கீழ தரை இல்லை. நான் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள மாமா நிண்ட இடத்தில இல்லை, ரெண்டு பேர் அவரை அணைச்சுக்கொண்டு மேடைக்குப் பின்னால போயிட்டினம், அந்தப் பொம்பிளைப் பிள்ளை வாசல் கதவைச் சாத்தி சனத்தைப் பக்கவாட்டில ஒதுக்கினா, வெளியில துவக்கோட நிண்டவர் கையைக்கூட அதுக்குக் கொண்டு போகேல்ல, புகையைப் பாத்துட்டு ரேடியோவில சொன்னார். பிள்ளையள் கை தட்டிக்கொண்டு நிண்டதுகள். முதல் கொம்பனிட ஆக்கள் அந்த இடத்தில நிண்டிருந்தா எண்டு நினைக்க இப்பவும் கை நடுங்குது, கொளுத்தினவனுக்கு இருபது வயசுகூட வராது.

குறையள். மச்சாள் வாற வாகனம் லேட். வாசல்ல பை செக் பண்ணேக்க பெரியம்மாவோட ஒருத்தர் மரியாதை இல்லாமக் கதைச்சவர், தமிழ் தெரியாததால வந்த பிரச்சினையும் இருக்கு, தமிழ் தெரிஞ்ச ஆளை வாசல்ல போடுங்கோ எண்டு முதலே கேளுங்கோ. ஓவர்டைம் காசு முதல் சொன்னதை விடக் கூட வந்தது. காவலுக்கு வந்தவையில தமிழ் தெரிஞ்ச ஒரே ஆள் ஹற்றன் பக்கத்துத் தம்பி, சாப்பிடேக்க கதைச்சன், முதல் வேற கொம்பனில துவக்கோட நிண்டவராம். "அண்ணே, அங்க துவக்கு குடுத்தாங்க, சுட்டுப் பாக்க ரெண்டு மூணு தோட்டாதான் குடுத்தாங்க. நான் யாரயாச்சும் தெரியாம சுட்டுட்டேன்னா கம்பெனி என்னய பாக்குமா, என் வீட்ட பாக்குமா? அதான் விட்டுட்டு வந்துட்டேன்" எண்டார். துவக்குக் குடுத்து நிப்பாட்டுற ஏழைப் பெடியனும் இந்தக் கணக்கில சேர்த்தி, பிழைச்சா உள்ள போறவன் அவன், கறுப்புக் கண்ணாடிப் படம் மாட்டி வச்சவர் இல்லை.

அஞ்சாவது ஸ்டார் ஏன் இல்லை எண்டா, இந்தக் கொம்பனிட கொன்ட்ராக்டிலயும் மூன்றாம் தரப்புக்கு இன்சூரன்ஸ் இல்லை. வெளியில நிண்டவரிட்ட ஒரு துவக்கு இருந்தது தானே, அதால காலி ரோட்டில போற ஒருத்தருக்குப் பட்டா அந்தக் குடும்பத்துக்கு ஆர் பொறுப்பு எண்டு கேட்டன். ஐயா மழுப்பேல்ல, இப்ப அப்பிடி ஒண்டும் எங்களிட்ட இல்லை, இன்சூரன்ஸ்காரரோட கதைக்கிறன் எண்டார். முதல் கொம்பனி மாதிரி எங்கட தலையில கட்டேல்ல எண்டது உண்மை, ஆனா செத்தவற்ற வீட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மாமாட மகன்ட கலியாணம் அடுத்த வருசம் வருது. அதுக்குள்ள அந்த இன்சூரன்ஸை எழுத்தில தந்தா அவையையே எடுப்பம், அதுக்கு வாற மேலதிகக் காசை மாமா தாறன் எண்டு சொல்லிட்டார்.